உள்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: பழைய டெனிம் வேலையுடைகளைச் சேகரிக்கப் புதிதாக வருவோருக்கு

பழைய டெனிம் கால்சட்டை ஒன்று கைக்கு வந்ததும் லேபிளைத் தேட வேண்டாம். முதலில் அதன் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போடுங்கள். லேபிளை வேறொரு உடையிலிருந்து பிரித்துத் தைத்துவிடலாம். பட்டனை மாற்றலாம். வெளுப்பைக்கூடக் கல்லும் ரசாயனமும் போட்டு வரவழைக்கலாம். ஆனால் உள்தையல், துணியின் கரை, பாக்கெட் பை, நூலின் வகை, ரிவெட்டின் (துணியை இறுக்கிப் பிடிக்கும் உலோக ஆணி) பின்புறம் எல்லாம் ஒரே காலத்தோடு ஒத்துப்போகும்படி ஏமாற்றுவது மிகக் கடினம். இந்த வழிகாட்டியில் வருவதெல்லாம் அந்த ஒத்துப்போதலைச் சோதிக்கும் வழிகள்தான்.

இங்கே பேசுவது அமெரிக்க வேலையுடைகளைப் பற்றி: சுரங்கத் தொழிலாளி, ரயில்வேக்காரர், பண்ணையாள், மாடு மேய்ப்பவர் ஆகியோர் அணிந்த கால்சட்டை, ஓவரால், மேல்கோட்டு, சட்டை. தொடக்க ஆண்டு 1873. நெவாடாவின் ரெனோ நகரத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும், அவருக்குத் துணி விற்ற சான் பிரான்சிஸ்கோ வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் பாக்கெட் மூலைகளில் உலோக ரிவெட் அடிக்கும் முறைக்கு அந்த ஆண்டு மே 20 அன்று காப்புரிமை பெற்றார்கள். அதன் எண் 139121. முடிவு ஆண்டாக 1971ஐ வைத்துக்கொள்ளலாம். காரணம் பின்னால் வரும்.

எதில் தொடங்குவது

லீவை ஸ்ட்ராஸின் நிறுவனமான லீவைஸின் பெயர்பெற்ற 501 கால்சட்டையில் தொடங்காதீர்கள். விலை அதிகம், போலியும் அதிகம். மேல்கோட்டு, ஓவரால் (மார்பையும் மறைத்துத் தோளில் மாட்டும் கால்சட்டை), சாம்ப்ரே (மெல்லிய பருத்தித் துணி) சட்டை ஆகியவற்றில் அதே துணியும் அதே தையல் நுட்பமும் இருக்கின்றன. விலை பல மடங்கு குறைவு. அமெரிக்கச் சங்கிலிக் கடைகளான சியர்ஸின் 'ஹெர்குலிஸ்', பென்னியின் 'பே டே' போன்ற கடைப் பிராண்டுகள் 1930கள் முதல் ஏராளமாக விற்றவை. அவற்றின் விளம்பரங்கள் பழைய கேட்டலாக்குகளில் ஆண்டுவாரியாகக் கிடைக்கின்றன. கையில் இருக்கும் உடையைப் படத்தோடு ஒப்பிட்டுப் பழக இதைவிட நல்ல பாடம் கிடையாது.

முதல் இரண்டு மூன்று உடைகளைக் கிழிந்ததாகவே வாங்குங்கள். முழங்கால் போய், பாக்கெட் பாதி தொங்கும் உடையில் உள்கட்டுமானம் முழுக்கத் திறந்து கிடக்கும். அதில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் பிறகு நல்ல உடைக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயன்படுத்திய உடைகளின் இறக்குமதிக்கு இங்கே கட்டுப்பாடு உண்டு. விலையுயர்ந்த ஒன்றை வரவழைக்கும் முன் சுங்க முகவர் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

துணி அளக்கும் டேப், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் (ஜவுளிக்காரர்களின் பிக் கிளாஸ் இருந்தால் இன்னும் நல்லது), சிறிய காந்தம், 365 நானோமீட்டர் புறஊதா டார்ச், மென்மையான பிரஷ், நைட்ரைல் கையுறை. காந்தம் ரிவெட்டுக்கும் பட்டனுக்கும். செம்பிலும் பித்தளையிலும் காந்தம் ஒட்டாது. செம்பு நிறத்தில் இருந்தும் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செம்பு கிடைக்காமல் செம்பு பூசிய எஃகு ரிவெட்டை லீவைஸே பயன்படுத்தியது. ஆகவே காந்தம் ஒட்டிய ஒரே காரணத்துக்காகப் போலி என்று தள்ளிவிடாதீர்கள்; மற்ற அடையாளங்களும் போர்க்காலத்தைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள்.

சோதிக்கும் வரிசை

1. கால்சட்டையின் வெளிப்பக்கத் தையலை உள்ளிருந்து பாருங்கள். துணியின் இயற்கையான கரை, அதாவது செல்வெட்ஜ், தெரிகிறதா? பழைய வகையான நாடாத் தறியில், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஓரத்தில் திரும்பித் திரும்பி ஓடுவதால் கரை பிரியாது. அந்தத் தறிகளில் துணியின் அகலம் ஏறக்குறைய 28 முதல் 30 அங்குலம்தான். பெரிய அளவு ஜாக்கெட்டுக்கு அந்த அகலம் போதாது. முதுகை இரண்டு துண்டாக வெட்டி நடுவில் தைத்தார்கள். சேகரிப்பவர்கள் 'டி-பேக்' என்று தேடி வாங்குவது இதைத்தான். செல்வெட்ஜ் இருந்தால் பழசு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 501ல் 1980களிலும் அது இருந்தது, ஜப்பானில் இன்றும் நெய்கிறார்கள்.

2. துணியின் சாய்கோட்டைப் பாருங்கள். டெனிமில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், ஊடை வெள்ளை. வெளிப்பக்கத்தில் கோடு இடது கீழிருந்து வலது மேலாக ஏறினால் வலக்கைச் சாய்வு. லீவைஸ் இந்த வகை. போட்டி பிராண்டான லீ ரைடர்ஸ் பெரும்பாலும் இடக்கைச் சாய்வு. கோடு ஒரு பக்கம் போய் உடனே திரும்பி வளைந்து நெளிந்தால் அது உடைந்த சாய்வு. ராங்ளர் என்ற இன்னொரு பிராண்டு 1964 முதல் கொண்டுவந்தது. 1950களின் ராங்ளர் என்று விற்கப்படும் உடையில் உடைந்த சாய்வு இருந்தால் பேச்சை அத்தோடு முடித்துவிடலாம்.

3. நூலைப் பாருங்கள். உள்தையலில் ஏற்கெனவே பிரிந்து தொங்கும் நுனி இருந்தால் 5 மில்லிமீட்டர் வெட்டி, இடுக்கியில் பிடித்து, உடையிலிருந்து தள்ளி வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும். மணி வந்தால் அந்தத் தையல் போருக்கு முந்தையது ஆகாது. ஒரே ஒரு தையலில் மட்டும் மணி வந்தால் பிற்காலப் பழுதுபார்ப்பாக இருக்கலாம். குறைந்தது மூன்று இடங்களில் சோதித்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

4. இருட்டறையில் புறஊதா டார்ச் அடியுங்கள். பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது வெண்மையூட்டி ரசாயனம். போருக்குப் பிறகுதான் சலவைத்தூளில் இது பரவலானது. பழைய உடையைப் புதிய சலவைத்தூளில் துவைத்திருந்தால் முழுக்க ஒளிரும். அதை வைத்துக் காலத்தைச் சொல்ல முடியாது. ஒரு பாக்கெட் பையோ ஒரு தையல் வரிசையோ மட்டும் தனியாக ஒளிர்ந்தால்தான் செய்தி: அந்தத் துண்டு பிறகு சேர்ந்தது.

5. ரிவெட், பட்டன், இடுப்புப் பின்பட்டையின் பக்கிள் ஆகியவற்றில் உள்ள எழுத்துகளைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுங்கள். பட்டனிலும் பக்கிளிலும் காப்புரிமைத் தேதி பொறித்திருப்பது வழக்கம். அது உடை தைத்த தேதியல்ல. அந்தத் தேதிக்கு முன் இது இருந்திருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. ஒரே அச்சில் அடித்த பட்டனைத் தொழிற்சாலைகள் பல ஆண்டுகள் பயன்படுத்தின.

6. பாக்கெட் பையின் உள்ளே பாருங்கள். அச்சு, மை முத்திரை, தொழிற்சங்கச் சீட்டு எல்லாம் அங்கேதான் பிழைத்துக் கிடக்கும், வெயிலும் தேய்மானமும் படாததால். மூலையில் சேர்ந்த தூசியைக் கொட்டிவிடாமல் சிறு பையில் எடுத்து வையுங்கள்.

காலத்தைக் கணிப்பது

உடையில் உள்ள அடையாளங்களில் மிகப் பிந்தியது எதுவோ அதற்கு முன் அந்த உடை தைக்கப்பட்டிருக்க முடியாது. பின்னால் செய்த மாற்றங்களை மட்டும் இதில் கழித்துவிட வேண்டும். பழைய அடையாளம் பத்து இருக்கலாம். புதிய அடையாளம் ஒன்று போதும்.

எந்தப் பிராண்டுக்கும் பொருந்தும் அடையாளங்கள் இவை. தொழிற்சங்கச் சீட்டில் யுனைடெட் கார்மென்ட் வொர்க்கர்ஸ் பெயர் இருந்தால் 1891க்குப் பிறகு. 'சான்ஃபரைஸ்டு' என்ற சொல் இருந்தால் 1930கள் அல்லது அதற்குப் பிறகு. துணி சுருங்காமல் முன்கூட்டியே சுருக்கும் அந்த முறைக்கு சான்ஃபோர்ட் கிளூயட் காப்புரிமை பெற்றதே 1930ல்தான். வட்டத்துக்குள் ஆர் எழுத்துக் குறி 1946ஆம் ஆண்டு வணிகச்சின்னச் சட்டத்தோடு வந்தது. அதற்கு முன் 'ரெஜிஸ்டர்டு' என்ற சொல்லையும் காப்புரிமை அலுவலகத்தின் பெயரையும் சுருக்கி எழுதினார்கள். முகவரியில் 5 இலக்க ஜிப் எண் இருந்தால் 1963க்குப் பிறகு. நூலிழை விகிதத்தைச் சொல்லும் சீட்டு 1960ல் சட்டக் கட்டாயம் ஆனது. துவைக்கும் முறையைச் சொல்லும் நிரந்தரச் சீட்டு 1972ல். ஆர்.என். என்று தொடங்கும் பதிவு எண் இருந்தால் அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில் தேடி எந்த நிறுவனம் என்று கண்டுபிடிக்கலாம்.

லீவைஸ் 501க்கு மட்டும் தனியாக ஒரு வரிசை உண்டு. இதை மனப்பாடம் செய்வது வீண்போகாது. காப்புரிமை காலாவதியானது 1890ல். அதன் பிறகு யாரும் ரிவெட் அடிக்கலாம் என்பதால் ரிவெட்டை வைத்து மட்டும் லீவைஸ் என்று சொல்லக்கூடாது. இரண்டாவது பின்பாக்கெட் 1901. பெல்ட் மாட்டும் வளையங்கள் 1922. பின்பாக்கெட் ஓரத்தில் சிவப்புத் துணித்துண்டு 1936. பின்பாக்கெட் ரிவெட்டுகள் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுகின்றன என்று புகார் வந்ததால் 1937ல் துணிக்குள் மறைக்கப்பட்டன. போர்க்காலத்தில் கவட்டு ரிவெட்டும் பின்பட்டையும் போயின. பின்பாக்கெட்டின் வளைவுத் தையலுக்குப் பதில் பெயின்டில் வரைந்தார்கள். இடுப்பின் தோல் லேபிளுக்குப் பதில் தோல் போன்ற அட்டை வந்தது 1950களின் நடுவில். மறைந்திருந்த ரிவெட்டுக்குப் பதில் கட்டுத்தையல் (ஒரே இடத்தில் நெருக்கமாகப் போடும் தையல்) 1966. சிவப்புத் துண்டில் பெயரின் இரண்டாம் எழுத்து பெரிய எழுத்திலிருந்து சிறிய எழுத்தானது 1971. சேகரிப்பவர்கள் 'பிக் ஈ' என்று பிரிக்கும் எல்லை அதுதான். இந்த வழிகாட்டியின் முடிவு ஆண்டும் அதனால்தான்.

மேல்கோட்டையோ ஓவராலையோ ஆராய்பவர்களுக்கு இன்னொரு நல்ல துப்பு ஸ்டைஃபெல். மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் 1835ல் தொடங்கிய இந்த நிறுவனம் நீலத்துணியில் வெள்ளைப் புள்ளி, கோடு அச்சிட்டு உடை தயாரிப்பாளர்களுக்கு விற்றது, 1950களில் மூடப்பட்டது. துணியின் பின்புறம் பூட்ஸ் வடிவ முத்திரை இருக்கும். உள்பக்கம், குறிப்பாகப் பாக்கெட்டின் மறைவான பகுதியில் தேடுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. லேபிள் கிழிந்து பாதிதான் இருக்கும் கோடு போட்ட ரயில்வே மேல்கோட்டு என்று வைத்துக்கொள்வோம். உள்ளே பூட்ஸ் முத்திரை. லேபிளின் மிச்சத்தில் 'சான்ஃபரைஸ்டு' என்ற சொல். வட்டக் குறி இல்லை. நூல் முழுக்கப் பருத்தி. சான்ஃபரைஸ்டு கீழ் எல்லையை 1930களில் வைக்கிறது. முத்திரை மேல் எல்லையை 1950களில் வைக்கிறது. வட்டக் குறி இல்லாதது 1946க்கு முன் என்பதை நிரூபிக்காது. எல்லா நிறுவனமும் உடனே மாறிவிடவில்லை. ஆகவே குறிப்பேட்டில் '1930கள் முதல் 1950கள் வரை. போருக்கு முன் இருக்க வாய்ப்பு' என்று எழுதுங்கள். '1938' என்று எழுத ஆதாரம் இல்லை, விற்பவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும்.

நீலச் சாயத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 'இயற்கை அவுரியில் தோய்த்தது' என்று விலை ஏற்றுவார்கள். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். 1897ல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. செடியிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் சாயத்தின் மூலக்கூறு ஒன்றே. கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

கதைக்குக் கொடுக்கும் விலை

2022ல் இரண்டு ஏலங்கள் செய்தியாயின. நியூ மெக்சிகோவில் 1880களின் லீவைஸ் ஒன்று 87,400 டாலருக்குப் போனது. பாக்கெட் பையில் 'வெள்ளையர் உழைப்பில் செய்தது' என்ற வாசகம் அச்சாகியிருந்தது. சீனத் தொழிலாளர் நுழைவைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அந்த நிறுவனம் போட்ட இனவெறி வாசகம் அது. கசப்பான சான்றுதான், ஆனால் உடையிலேயே இருக்கும் சான்று. அதே ஆண்டு ரெனோவில், 1857ல் மூழ்கிய 'சென்ட்ரல் அமெரிக்கா' கப்பலிலிருந்து எடுத்த வேலைக் கால்சட்டை 1,14,000 டாலருக்கு விற்றது. லீவை ஸ்ட்ராஸ் தொடர்பு இருக்கலாம் என்ற பேச்சு பரவியது. லீவைஸ் நிறுவனத்தின் வரலாற்றாளரோ அதை ஊகம் என்றே சொன்னார். கப்பல் மூழ்கி 16 ஆண்டுகளுக்குப் பிறகுதான் ரிவெட் காப்புரிமையே கிடைத்தது; உடையில் பெயரும் இல்லை. கப்பல் மூழ்கிய ஆண்டு அந்த உடையின் காலத்துக்கு மேல் எல்லையை ஐயமின்றி நிறுவுகிறது. தைத்தவர் யார் என்பதை நிறுவவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிப் பணம் மிச்சம்.

போலிகளில் அதிகம் ஏமாற்றுபவை நேர்மையாகச் செய்த மறுபதிப்புகள்தான். ஜப்பானிய நிறுவனங்கள் 1980கள் முதல் பழைய 501ஐ நுணுக்கமாக மறுபடி செய்கின்றன. லீவைஸின் சொந்த விண்டேஜ் வரிசையிலும் பெரிய ஈ எழுத்து உண்டு. யாரோ பத்தாண்டுகள் போட்டுத் தேய்த்த பிறகு அது பழையதாக விற்பனைக்கு வருகிறது. உள்ளே பக்கத்தையலில் வெட்டப்பட்ட துவைப்புச் சீட்டின் அடித்துண்டு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மேல்பட்டனின் பின்புறம் 555 என்ற எண் இருந்தால் சான் பிரான்சிஸ்கோவின் வலென்சியா தெருத் தொழிற்சாலையில் தைத்த மறுபதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இணையத்தில் வாங்கினால் விற்பவரிடம் இந்தப் படங்களைக் கேளுங்கள்: உள்பக்கத் தையல், பாக்கெட் பையின் உள், மேல்பட்டனின் பின், ரிவெட்டின் இரு பக்கமும், கால் மடிப்பு. அளவும் கேளுங்கள். இடுப்பைத் தட்டையாக வைத்து அளந்து இரட்டிக்க வேண்டும். முன்னுயரம் (கவட்டிலிருந்து இடுப்புவரை), உள்கால் நீளம், காலின் கீழ்முனை அகலமும் தேவை. லேபிளில் 36 என்று இருந்தும் அளந்தால் 33 வருவது பழைய சுருங்கும் டெனிமுக்கு இயல்பு. லேபிளும் அளவும் அப்படியே ஒத்துப்போய், பலமுறை துவைத்த தோற்றமும் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

காகிதத்தில் தேடுவது

1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத் தீயில் லீவைஸின் தலைமையகமும் ஆவணங்களும் எரிந்துபோயின. அதனால் அதற்கு முந்தைய வரலாற்றைக் கட்ட எஞ்சிய உடைகளும் வெளியார் காகிதங்களுமே ஆதாரம். மற்றப் பல சிறு நிறுவனங்களுக்கும் சொந்த ஆவணக்காப்பகம் கிடையாது. எனவே தேடலை வெளியிலிருந்து தொடங்க வேண்டும்.

லேபிளில் உள்ள பிராண்டுப் பெயரையும் ஊரையும் முதலில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் அரசிதழில் தேடுங்கள். 1872 முதல் வெளிவருகிறது, பழைய தொகுதிகள் ஹாத்தி டிரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ் தளங்களில் இருக்கின்றன. வணிகச்சின்னப் பதிவில் 'இந்த ஆண்டிலிருந்து பயன்பாட்டில்' என்ற வரி இருக்கும். அதைவிட மதிப்புள்ள ஒரு வரி கிடைப்பது அரிது. பட்டன் காப்புரிமைக்கு கூகுள் பேடன்ட்ஸ். உள்ளூர்க் கடை விளம்பரத்துக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் செய்தித்தாள் தொகுப்பு. தொழிற்சாலைக் கட்டடம் எந்த ஆண்டில் எந்தத் தெருவில் இருந்தது என்பதற்கு சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள். லேபிளில் முகவரி இருந்தால் இது கைகொடுக்கும்.

படங்களை மறக்காதீர்கள். லூயிஸ் ஹைன் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்தது 1908 முதல். டொரதியா லாங், ரசல் லீ முதலியோர் அரசின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காகப் படமெடுத்தது 1930களிலும் 40களின் தொடக்கத்திலும். எல்லாம் காங்கிரஸ் நூலகத் தளத்தில் பெரிய கோப்பாகக் கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஊரும் மாதமும் குறித்திருக்கிறார்கள். பட்டன் எத்தனை, பாக்கெட் எந்தப் பக்கம், கால் எப்படி மடித்திருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்க்கலாம். ஓர் எச்சரிக்கை: படத்தின் ஆண்டு அணிந்த ஆண்டுதான். ஏழைத் தொழிலாளி ஐந்தாறு ஆண்டுப் பழைய உடையை அணிந்திருப்பார்.

கைவிடப்பட்ட சுரங்கங்களில் இறங்கித் தேடும் காணொளிகளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அழுகிய மரத்தாங்கிகள், மூச்சடைக்கும் காற்று, எலிக்கழிவிலிருந்து பரவும் ஹான்டா வைரஸ் ஆகியவை ஆளைக் கொல்லும். அமெரிக்காவின் மத்திய அரசு நிலத்திலிருந்து 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பது 1979 சட்டப்படி குற்றமும்கூட. சுரங்கத்தில் கிடைத்தது என்று சொல்லி விற்பவரிடம், நிலம் யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள்.

சுத்தமும் பாதுகாப்பும்

துவைக்காமல் இருக்க முடியுமானால் துவைக்காதீர்கள். மெழுகுச் சொட்டு, எண்ணெய்க்கறை, ஒட்டு எல்லாம் அணிந்தவரின் தொழிலைச் சொல்லும் சான்று. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, வாக்வம் கிளீனரின் வாயில் நைலான் வலை கட்டி, குறைந்த இழுவிசையில் தூசி எடுங்கள். பெரும்பாலான உடைகளுக்கு இது போதும்.

பூஞ்சை வாடையோ புளிப்பு வாடையோ இருந்து துவைத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் ஈரப் பஞ்சை மறைவான இடத்தில் ஒரு நிமிடம் அழுத்திச் சாயம் போகிறதா என்று பாருங்கள். இரும்புப் பட்டன் இருந்தால் ஈரம் வேண்டாம். துருவேறி சுற்றியுள்ள துணியைத் தின்றுவிடும். தோல் லேபிள் இருந்தால் வெந்நீர் கூடவே கூடாது, சூட்டில் தோல் சுருண்டு வற்றலாகிவிடும். அகலமான தொட்டியில் 20 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர், 5 மில்லி வெண்மையூட்டி இல்லாத நடுநிலை திரவ சோப்பு. போர்வெல் உப்புத் தண்ணீர் வேண்டாம். உடையை நைலான் வலைமேல் விரித்து அமிழ்த்துங்கள். 30 நிமிடம் கழித்துத் தண்ணீரை மாற்றி, நிறம் தெளியும்வரை அலசுங்கள். தூக்கும்போது வலையோடு தூக்குங்கள். நனைந்த டெனிமின் சொந்தக் கனமே பழைய தையலைக் கிழித்துவிடும். பிழியாமல், கொடியில் தொங்கவிடாமல், நிழலில் தட்டையாக உலர்த்துங்கள்.

பருத்தியை அந்துப்பூச்சி விரும்பாது. கஞ்சிப்பசை இருந்தால் ராமபாணப் பூச்சி வரும். உடையை பாலித்தீன் பையில் காற்றில்லாமல் மூடி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த துணியில் நீர் கோத்துக்கொள்ளும். அந்துருண்டை போட வேண்டாம்.

வைப்பதற்கு அமிலமில்லாத காகிதம், அட்டைப்பெட்டி. மடிப்புக்குள் காகிதத்தைச் சுருட்டி வைத்தால் மடிப்பு கூர்மையாகாது. சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலம் முழுக்க சிலிக்கா ஜெல் பைகளும் சிறிய ஈரமானியும் பெட்டிக்குள் இருக்கட்டும். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். ரிவெட்டில் பச்சைக் களிம்பு தெரிந்தால் சுரண்டாமல், அதைச் சுற்றி காகிதம் வைத்துப் பக்கத்துத் துணியிலிருந்து பிரித்துவிடுங்கள்.

ஒவ்வொரு உடைக்கும் ஓர் எண் கொடுத்து, பென்சிலால் எழுதிய பருத்தி நாடாவைப் பெல்ட் வளையத்தில் தளர்வாகக் கட்டுங்கள். ஊசி குத்தாதீர்கள். அதே எண்ணில் குறிப்பேட்டில் ஒரு பக்கம்: வாங்கிய தேதி, இடம், விலை, விற்பவர் சொன்னது, நீங்கள் பார்த்தது, அளவுகள், காலக் கணிப்பின் கீழ் எல்லையும் மேல் எல்லையும், ஒவ்வொன்றுக்கும் எந்த அடையாளம் காரணம் என்பது. விற்பவர் சொன்னதையும் நீங்கள் பார்த்ததையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, உடையை வேறு இடத்தில் மடித்து வைத்து, அந்தத் தேதியையும் அதே பக்கத்தில் குறியுங்கள்.